எலும்பும் தோலும், கொஞ்சம் தொப்பையும்

ஹைதராபாத்தில் தார்நாகாக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பெருமை உண்டு. இந்தியனாகப் பிறந்தவன் ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி சாப்பிடலாம், எவ்வளவு பருப்பு, எத்தனை மில்லிகிராம் கால்சியம் என்று நாட்டுக்கே கணக்குச் சொல்லும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. 1918-இல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகத் தொடங்கியது. 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி வந்தது. அதற்குப் பேர் வாங்கித் தந்தவர்களில் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். நிறுவனம் பிறந்த அதே 1918-இல்தான் அவரும் பிறந்தார். ஊரிலிருந்து யார் வந்தாலும், மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவேன். கோபாலன் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பா பாசம் வரும். எனக்கும் சேலத்துக்கும் மாம்பழத்தைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது.

இவ்வளவு பேசுகிறவனின் ரத்தத்தில் விட்டமின் டி 9. குறைந்தது 20 இருக்க வேண்டுமாம். "பூஜ்யம் ஏதாவது விட்டுப்போச்சாம்மா?" என்று ரிப்போர்ட் கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். "லேது சார்" என்றாள், தலை நிமிராமல். அதே நாளில் ரத்தம் கொடுத்த, 76 வயதான என் அம்மாவுக்கு 24.

அம்மாவின் ரகசியம் வடாம். வெயில் காலம் வந்தால் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்துவிட்டு, காக்காய் விரட்டக் குடையோடு உட்கார்ந்துவிடுவாள். குடை மடங்கித்தான் இருக்கும்; காக்காய்க்குக் காட்டத்தான் அது. முழங்கை வரை வெயில் படும். அந்த நேரத்தில் தோலுக்குள் நடக்கிற வேலையைப் படித்துப் பார்த்தால் எனக்குப் பொறாமை வருகிறது. தோலில் கொலஸ்ட்ராலின் உறவுக்காரப் பொருள் ஒன்று இருக்கிறது. சூரியனின் புற ஊதா பி கதிர் பட்டதும் அது உருமாறி, உடம்புச் சூட்டில் விட்டமின் டி ஆகிறது. பிறகு கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் ஒரு மாற்றம். அதற்கப்புறம்தான் அது குடலுக்குப் போய், சாப்பாட்டிலுள்ள கால்சியத்தை உள்ளே விடச் சொல்லும். எலும்புக்குத் தோல்தான் படியளக்கிறது. வயதானால் தோலில் அந்த மூலப்பொருள் குறையும் என்கிறார்கள். குறைந்தும் அம்மாவுக்கு 24. நான் அவ்வளவாகக் குறையாத வயதிலேயே 9.

'காலை இளவெயில் உடம்புக்கு நல்லது' என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே ஏழு மணிக்கு மாடிக்குப் போனேன். முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பட்டன். முகத்திலும் புறங்கையிலும் சன்ஸ்கிரீன், வெயிலில் கறுத்துவிடக் கூடாதே என்று. ஐம்பதைத் தாண்டியவன் இனி கறுத்தால் யாருக்கு நஷ்டம் என்று அப்போது தோன்றவில்லை. மேல் வீட்டில் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் இருக்கிறார், நடைப்பயிற்சிக்கு மாடிக்கு வருபவர். பல நாள் என்னைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுக் கடைசியில் பொறுக்காமல் நின்றார்.

"நீட சூடண்டி சார்" என்றார். நிழலைப் பாருங்கள் என்று அர்த்தம். பார்த்தேன். என் நிழல் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நிழல் நம்மைவிட நீளமாக இருந்தால் சூரியன் சாய்ந்திருக்கிறது. சாய்ந்து வரும் வெயில் காற்று மண்டலத்தில் வெகுதூரம் கடந்து வருவதால், நமக்கு வேண்டிய கதிரை ஓசோன் வழியிலேயே வடிகட்டிவிடும். நிழல் ஆளைவிடக் குட்டையாகும் வேளை பார்த்து வர வேண்டும். ஹைதராபாத்தில் பதினொன்றிலிருந்து இரண்டு வரை நல்ல நேரம். மாநிறத்துக்கு மேல் கறுத்த தோலென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும், ஏனென்றால் மெலனின் அந்தக் கதிரைத் தானே வாங்கிக்கொள்ளும். சன்ஸ்கிரீனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒருமுறை பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு நான் ஆபீசில் இருப்பேன். ஆகவே ஜன்னலோர நாற்காலிக்காக ஒரு சக ஊழியருடன் மனஸ்தாபப்பட்டு, அதைப் பிடித்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏசியில் வெயில் காய்ந்தேன். கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது என்பது நாற்காலி கைக்கு வந்த பிறகு தெரிந்தது. திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை.

தோல் என்னைக் கைவிட்ட இன்னொரு இடம் அதே ஆபீசின் வாசல். மார்கழிக் குளிரில் தக்காணத்துக் காற்று வறண்டுவிடும். வருகைப்பதிவு இயந்திரம் என் விரலைப் பார்த்ததும், நீ யார் என்று தெரியாது என்று சிவப்பு விளக்கைக் காட்டும். கட்டை விரலுக்கு ஒரு தடவை, ஆள்காட்டி விரலுக்கு ஒரு தடவை. பின்னால் வரிசை நீளும். வாசல் காவலர், "தேல் லகாவ் சாப்" என்று தன் தலையில் விரலைத் தேய்த்துக் காட்டுவார், எண்ணெய் வைத்த தலை. எனக்கு அந்த வசதியும் இல்லை. கடைசியில் மூக்கோரத்துப் பிசுக்கில் விரலைத் தேய்த்து உள்ளே போவேன். கைரேகை என்பது மேல்தோலில் போட்ட கோலம் அல்ல. கீழேயுள்ள அடித்தோலும் மேல்தோலும் மேடும் பள்ளமுமாகக் கோத்துக்கொள்வதால் வருவது. தாய் வயிற்றில் நாலைந்து மாதத்துக்குள் அமைந்துவிடும். மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதானாலும் ரேகை மட்டும் அதேபடி திரும்பி வருவது அதனால்தான். வீட்டில் இதை விளக்கியபோது மனைவி, "ஏங்க, பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகை அழிஞ்சுபோச்சுன்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க" என்றாள்.

விட்டமின் டி இவ்வளவு குறைந்தால் எலும்பும் பலவீனமாகத்தான் இருக்கும் என்று தோன்றிய பிறகு படியில் ஜாக்கிரதையாக இறங்க ஆரம்பித்தேன். ஜாக்கிரதையாக இறங்கியதில்தான் விழுந்தேன். ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், படி முடிந்த பிறகும் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தேன். இதே ஊர்ப் பெண் பி.வி. சிந்து 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் கால்வலியோடு ஆடித் தங்கம் வாங்கினார். ஊர் திரும்பி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இடது பாதத்தில் எலும்புக் கீறல். அவர் கீறலோடு தங்கம் வாங்கினார். நான் கீறல் இல்லாமலே லிஃப்ட் வாசலில் உட்கார்ந்து, "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்றேன்.

டாக்டர் கணுக்காலின் இரு பக்கத்து முட்டி எலும்புகளையும் பின்புறமாக விரலால் அழுத்திப் பார்த்தார். நாலு அடி நடக்கச் சொன்னார். நொண்டிக்கொண்டு நடந்தேன். "எக்ஸ்ரே தேவையில்லை, சுளுக்குதான்" என்றார். கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த விதி அது: அந்த இடங்களில் அழுத்தினால் வலி இல்லாமல், நாலு அடி வைக்கவும் முடிந்தால் முறிவு இருப்பது மிக அபூர்வம். எனக்குத் திருப்தியில்லை. விழுந்ததற்கு ஒரு மரியாதை வேண்டாமா? வேறோர் இடத்தில் காசு கொடுத்து எக்ஸ்ரே எடுத்தேன். படத்தை வெளிச்சத்துக்குக் காட்டினால், குதிகாலுக்கு மேலே பின்பக்கமாக மொச்சைக்கொட்டை அளவில் ஒரு எலும்புத் துண்டு தனியாக நிற்கிறது.

குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் பெரியப்பா மகன் ஆந்திரத்துப் புத்தூருக்கு ரயில் பார்த்துவிட்டார்; இலைச்சாறும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்து மூங்கில் பத்தையில் கட்டுவார்கள், மூணு கட்டில் எழுந்து ஓடலாம் என்று குரல் செய்தி. ஆபீஸ் நண்பர், பழைய நகரத்தில் எலும்பு கட்டும் பஹல்வான் ஒருவர் இருக்கிறார், தொட்டால் போதும் என்றார். மத்தியானம் இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவைத்தேன். சாயந்திரம் முதல் டாக்டரிடமே போய்ப் படத்தை நீட்டினேன், 'பாருங்கள், விட்டுவிட்டீர்களே' என்ற முகத்தோடு.

அவர் சிரிக்காமல் இருந்ததற்கு இன்றைக்கும் நன்றி. அதற்கு ஆஸ் ட்ரைகோனம் என்று பெயராம். குதிகாலுக்கு மேலிருக்கும் எலும்பின் பின்முனை, வளரும் வயதில் மற்றதோடு ஒட்டாமல் தனியாக நின்றுவிடும். நிறையப் பேருக்கு உண்டு. படம் எடுக்காதவரை யாருக்கும் தெரியாது. அதாவது, அது உடைந்த துண்டு அல்ல, என் உடம்போடு இத்தனை காலம் வாடகை இல்லாமல் குடியிருக்கும் உபரி எலும்பு.

இதில் மானம் போனது மகளிடம். அறிவியல் நோட்டில் அவள், 'பிறக்கும்போது ஏறத்தாழ 300 எலும்புகள்' என்று எழுதியிருந்ததை நான் சிவப்பு மையில் அடித்து 206 என்று திருத்தி, "இதுகூடத் தெரியாதா?" என்றும் கேட்டிருந்தேன். டீச்சர் என் சிவப்பை அடித்துவிட்டு அவள் எழுதியதற்கு மதிப்பெண் போட்டிருந்தார். குழந்தையின் மண்டையோட்டிலும் முதுகுத்தண்டின் அடியிலும் தனித்தனியாக இருப்பவை வளர வளரச் சேர்ந்துதான் 206 ஆகின்றன. "அப்பாவுக்கு மட்டும் 207" என்று இப்போது அவள் தோழிகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

சுளுக்குக்கு அம்மா ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தாள். எனக்கு அது போதவில்லை. கால் தேறியதும் விடியற்காலையில் பழைய நகரத்துக்குப் போய், பெரிய அண்டாவிலிருந்து கரண்டியால் மொண்டு ஊற்றிய பாயாவை 'நான்' ரொட்டியோடு சாப்பிட ஆரம்பித்தேன். குழம்பு விரலில் பசை மாதிரி ஒட்டும். ஒட்டுகிற அதெல்லாம் கொலாஜன், நேரே முழங்காலுக்குப் போகிறது என்று எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு விளக்கினேன். அவர் நல்லி எலும்பைத் தட்டில் தட்டி மஜ்ஜையை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார்.

கொலாஜனைப் பற்றித் தமிழன் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதும் நிஜம்தான். தோலுக்கு இழுவையையும் எலும்புக்கு உரத்தையும் கொடுப்பது அடிப்படையில் ஒரே வகைக் கொலாஜன். எலும்பில் அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் உப்பு படிந்து கெட்டிப்படுகிறது, தோலில் அப்படியே தளர்ந்து நிற்கிறது. அதன் அமைப்பு என்ன என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1952-இல் சென்னைக்கு வந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் அந்தப் புதிரை இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரனிடம் சொன்னார். ராமச்சந்திரன் வேலை பார்த்த சென்னைப் பல்கலைக்கழகத் துறைக்குப் பக்கத்திலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் வாங்கி, எக்ஸ்ரே செலுத்திப் பார்த்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இலும் 1955-இலும் 'நேச்சர்' இதழில் எழுதினார்: மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட அமைப்பு, ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது கண்ணிதோறும் கிளைசின். முறுக்கின் நடுவில் இடம் அவ்வளவு குறைவு. மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் மட்டும்தான் அங்கே நுழையும். அவரும் எக்ஸ்ரே எடுத்தார், நானும் எக்ஸ்ரே எடுத்தேன்.

ஆனால் பாயாவின் கொலாஜன் முழங்காலுக்குப் போவதில்லை. வயிறு அதைக் கொலாஜன் என்று மதிக்காது; மற்றப் புரதங்களைப் போலவே பிய்த்துத் தனித்தனி அமினோ அமிலமாகவும் சின்னத் துண்டுகளாகவும் ஆக்கிவிடும். அவற்றை எங்கே அனுப்புவது என்பது உடம்பின் இஷ்டம். புதுக் கொலாஜன் கட்டுவதற்கு விட்டமின் சி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் இழைகள் சரியாக முறுக்கேறாது, ஈறில் ரத்தம் வரும், பழைய காலத்துக் கப்பல்காரர்களுக்கு வந்த ஸ்கர்வி அதுதான். அந்தத் தட்டில் கொலாஜனுக்கு உருப்படியாக உதவக்கூடிய ஒரே பொருள் ஓரத்தில் வைத்திருந்த எலுமிச்சைத் துண்டு. புளிக்கும் என்று தினமும் அதை ஒதுக்கிவைத்துவிட்டு வந்தவன் நான். பாயா முழங்காலுக்குப் போகவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் வேறொரு வரியில் தென்பட்டது.

கொழுப்புக் கணக்கைப் பார்த்து மனைவி என்னை ஜொன்ன ரொட்டிக்கு, அதாவது சோள ரொட்டிக்கு, மாற்றினாள். சாயந்திரங்களில் தெருமுனையில் அடுப்பு வைத்து, ஓர் அக்கா உள்ளங்கையாலேயே தட்டித் தட்டிச் சுட்டுக் கொடுப்பார். வீட்டில் நானும் தட்டிப் பார்த்தேன். சோளமாவு கோதுமை மாதிரி இழுபடாது, ஆந்திர வரைபடம் போல ஓரமெல்லாம் பிய்ந்துகொண்டது. ஆனாலும் மாவு தட்டத் தெரியாதவன் பிரசங்கம் செய்யலாமே. ஆபீஸ் கேன்டீனில், "நம்ம முன்னோர்கள் சோளம் தின்னுதான் வைரம் பாஞ்ச கட்டையா இருந்தாங்க" என்று ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மகபூப்நகர் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர், "எங்க தாத்தாவும் சோளம்தான் சார் தின்னார், வேற ஒண்ணும் கிடைக்கல" என்றார். பேச்சு அங்கே நின்றது.

பெருமையாகச் சொல்லித் திரிந்த அதே கோபாலனின் வேலையை ஒழுங்காகப் படித்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மூன்று வேளையும் சோளத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்காத தக்காணத்து ஏழைகளுக்குப் பெல்லாக்ரா வந்தது. வெயில் படும் இடங்களில், கழுத்தைச் சுற்றி, புறங்கையில், பாதத்தில், தோல் கறுத்துத் தடித்து வெடித்து உரியும். வயிற்றுப்போக்கு வரும், முற்றினால் புத்தி தடுமாறும். நியாசின் என்ற விட்டமின் பற்றாக்குறைதான் அது. உலகில் மற்ற இடங்களில் மக்காச்சோளம் தின்றவர்களுக்கு வந்தது இங்கே சோளம் தின்றவர்களுக்கு ஏன் வந்தது என்று தேடி, சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 1960-இல் கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பிற்பாடு அதில் வாதப் பிரதிவாதங்கள் உண்டு. நான் விட்டமினுக்காகத் தேடிப் போய் நிற்கும் இதே வெயில் அவர்கள் தோலைப் பொசுக்கியிருக்கிறது. பருப்பும் பாலும் காயும் சூழ என் தட்டில் இருக்கும் ரொட்டிக்கும் அவர்கள் தட்டில் தனியாகக் கிடந்த ரொட்டிக்கும் மாவு மட்டும்தான் ஒன்று.

எலும்பிலும் அப்படி ஒரு கதை இந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஹைதராபாத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் நல்கொண்டா. கருங்கல் பூமி, பாறையிலிருந்து ஃப்ளூரைடு கிணற்று நீரில் இறங்குகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்காகக் குடித்தால் முதலில் பல்லில் பழுப்புக்கறை. பிறகு எலும்பில் கால்சியத்தோடு ஃப்ளூரைடும் சேர்ந்து படியும். எலும்பு தடிக்கும், ஆனால் உறுதி வராது. மூட்டுகளின் தசைநாரில்கூடச் சுண்ணாம்பு ஏறி, முதுகு வளையாமல் ஒரே கட்டையாகிவிடும். நம் பக்கத்தில் இதை முதலில் எழுதிவைத்தது 1937-இல், அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியைப் பார்த்து. 1970-களில் எங்கள் தார்நாகா நிறுவனத்தார் இன்னொன்றையும் கண்டார்கள்: வளரும் பிள்ளைகளுக்கு முழங்கால்கள் உள்ளே வளைந்து ஒன்றோடொன்று இடிப்பது. ஃப்ளூரைடோடு, சோளத்தில் கூடிவிட்ட மாலிப்டினமும் உடம்பின் தாமிரத்தைக் குறைத்து இதற்குக் காரணமாகியிருக்குமோ என்று சந்தேகித்தார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவைத்து ஃப்ளூரைடை இறக்கும் முறையை நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியபோது அதற்கு நல்கொண்டா முறை என்றே பெயர் வைத்தார்கள். ஓர் ஊருக்கு இப்படியும் பேர் வரும். இப்போது கிருஷ்ணா நீர் கொண்டுபோயிருக்கிறார்கள்; அதற்கு முன்பே வளைந்த கால்கள் நிமிரப் போவதில்லை.

இதைப் படித்த சூட்டோடு எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். கோடையில் எங்களுக்கு போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். கடையில் வாங்கிய பேனா மாதிரிக் கருவியைத் தம்ளரில் முக்கி, எண் 480 காட்டியதும், "டி.டி.எஸ். ஐந்நூறுக்குக் கீழே, ஃப்ளூரைடு பயம் இல்லை" என்று அறிவித்தேன். கைதட்டல்கூட வந்தது. பின்வரிசையில் அதே வேதியியல் பேராசிரியர் மெதுவாகக் கையைத் தூக்கினார். அந்தக் கருவி நீரில் கரைந்த உப்பெல்லாவற்றையும் சேர்த்து, மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, தோராயமாக ஒரு மொத்தக் கணக்குச் சொல்லும். அந்த 480-க்குள் ஃப்ளூரைடு அரையா, மூன்றா என்று அதற்குத் தெரியாது. மூன்று இருந்தாலும் எண் அதேதான். கூட்டம் என்னை மன்னித்து, தொட்டி கழுவுவதை மேற்பார்வை செய்யும் பொறுப்பை ஒருமனதாக ஒப்படைத்தது.

தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். ஃப்ளூரைடு வரம்புக்குள்தான் இருந்தது. என்னுடைய தயவால் அல்ல. தமிழ்நாட்டிலும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இதே கருங்கல், இதே தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்தப் பக்கத்தில், அல்லது எங்கேயானாலும், ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ செய்கிறவர்கள், பேனா மீட்டரைத் தூர வைத்துவிட்டு, சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் பிடித்து மாவட்டத்திலுள்ள குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். ஃப்ளூரைடு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வளரும் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.